போராட்டம் ஓய்ந்த பின்னும் வயலில் நின்றவர்

காணியை இழந்த கமக்காரரைத் தேடிக் கமெரா வருகின்ற நாட்கள் எவை என்பது நமக்குத் தெரிந்ததே. வீடு இடிபடும் நாளில் அது வரும். சனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வீதியில் நடக்கும் நாளில் வரும். நிவாரணம் பங்கிடும் நாளிலும் வரும். அதன் பின்னர் வராது. ஆகவே வெளியுலகத்தின் மனதில் இடம்பெயர்ந்த கமக்காரர் என்றால் ஓர் அழுத முகம், நீட்டிய ஒரு கை என்ற அளவிலேயே பதிந்துவிடுகின்றது. அந்தக் கை நல்ல விதை நெல்லைத் தெரிந்தெடுக்கும் கை என்பதும், அந்தக் கண் பயிரின் நிறத்தைப் பார்த்தே மண்ணின் குறையைச் சொல்லும் கண் என்பதும் யாருக்கும் தெரிய வருவதில்லை.

இந்தக் குறையைத் தன் தொழிலுக்குள்ளேயே கண்டுணர்ந்து, தன் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் அதனைத் தீர்ப்பதற்காகச் செலவிட்ட ஒருவரைப் பற்றி இங்கு எழுத விரும்புகின்றேன். அவர் யப்பானிய விவரணப்பட நெறியாளர் ஒகாவா ஷின்சுகே. 1935 இல் பிறந்து 1992 இல் மறைந்தவர். கமக்காரரின் காணிப் போராட்டத்தைப் படம்பிடித்துப் புகழ் பெற்றவர். புகழின் உச்சியில் இருந்தபோது போராட்டக் களத்தை விட்டு ஒரு மலைநாட்டுக் கிராமத்துக்குப் போய், நெல் விதைக்கத் தொடங்கினார். அரசியலை விட்டு ஓடிவிட்டார் என்று அன்று பலர் குறை சொன்னார்கள். அவருடைய அரசியல் வயலில்தான் முதிர்ந்தது என்பதே என் கருத்து. அது ஏன் என்பதைக் கமம் செய்தவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினமல்ல.

இருமுறை பெயர்க்கப்பட்ட மக்கள்

முதலில் அந்தக் காணிகளின் கதையைச் சொல்ல வேண்டும். ரோக்கியோ நகருக்குக் கிழக்கே சிபா மாகாணத்தில் சன்ரிசுக்கா என்ற பகுதி உள்ளது. அங்கே யப்பானியப் பேரரசரின் குடும்பத்துக்குச் சொந்தமான பெரிய மேய்ச்சல் நிலம் ஒன்று இருந்தது. அதைச் சூழப் பரம்பரை பரம்பரையாகக் கமம் செய்த பழைய கிராமங்கள் இருந்தன. 1945 இல் யுத்தம் முடிந்தபோது, மன்சூரியாவிலிருந்து திரும்பி வந்தவர்கள், ஒக்கினாவாத் தீவிலிருந்து வந்தவர்கள், காணியற்ற ஏழைகள் எனப் பலர் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியில் குடியேற்றப்பட்டார்கள். அவர்கள் குடிசை போட்டு, மரவேர்களைக் கிளப்பி, மண்வெட்டியால் நிலத்தைத் திருத்தினார்கள். அந்த மண்ணில் விளைச்சல் காண்பதற்குப் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது.

ஒருவாறு வாழ்வு நிமிர்ந்துவந்த வேளையில், 1966 யூலை 4 ஆம் திகதி, புதிய சர்வதேச விமான நிலையம் சன்ரிசுக்காவில்தான் அமையும் என யப்பானிய அமைச்சரவை தீர்மானித்தது. அதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 1,060 ஹெக்டேயர். முன்னர் அண்மையிலுள்ள தோமிசாட்டோவில் அமைக்கவே திட்டமிட்டிருந்தார்கள். அங்கே எதிர்ப்பு பலமாக எழுந்தபடியால் இடத்தை மாற்றினார்கள். பேரரசரின் மேய்ச்சல் நிலம் அரச காணி, புதிதாகக் குடியேறியவர்கள் ஏழைகள், அவர்கள் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். காணிக்குச் சொந்தக்காரரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை வேரறுந்து வந்து மீண்டும் வேரூன்றிய குடும்பங்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மக்கள் எதிர்ப்புச் சங்கம் அமைத்தார்கள். கமக்கருவிகள் விற்கும் கடை நடத்திய தோமுரா இசாகு என்ற கிறிஸ்தவர் அதற்குத் தலைவரானார். முதியோருக்கு ஓர் அணி, பெண்களுக்கு ஓர் அணி, இளைஞருக்கும் சிறுவருக்கும் ஒவ்வோர் அணி என ஊர் முழுவதும் அணிவகுத்தது. நில அளவையாளர்கள் வரும்போது தகர எண்ணெய்ப் பீப்பாக்களைத் தட்டி ஊரைக் கூட்டினார்கள். காசை வாங்கிக்கொண்டு போனவர்களும் பலர். அயலவருக்கிடையே பேச்சு முறிந்தது. காணி எடுப்பு என்ற நோய் எங்கே பரவினாலும் முதலில் பிளவுபடுவது ஊர்தான்.

எந்தப் பக்கத்தில் நின்று பார்ப்பது

இந்த ஊருக்குத்தான் 1968 இல் ஒகாவா தன் குழுவினருடன் வந்தார். அதற்கு முன்னர் அவர் இவானாமி என்ற படநிறுவனத்தில் வேலை பார்த்தவர். பெரிய கம்பனிகளுக்கு விளம்பரப் படங்களும் கல்விப் படங்களும் தயாரித்த நிறுவனம் அது. நல்ல தொழிற்பயிற்சி அங்கே கிடைத்தது. ஆனால் யாருடைய காசில் படம் எடுக்கின்றோமோ அவருடைய வாயாகவே பேச வேண்டியிருந்தது. ஒகாவா அதை விட்டு வெளியேறினார். தபால் மூலம் படிக்கும் ஏழை மாணவர்களைப் பற்றி 1966 இலும், தக்காசாக்கி நகரப் பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தைப் பற்றி 1967 இலும் படங்கள் எடுத்தார். பின்னர் தன் பெயரிலேயே ஒரு கூட்டுக்குழுவை அமைத்தார்.

சன்ரிசுக்காவில் அவர்கள் வாடகைக்கு வீடு எடுத்து ஊரவர்களாகவே தங்கினார்கள். மக்கள் தாக்கப்படும்போது கமெராவும் மக்களின் பக்கத்திலேயே நின்றது. பொலிஸ் அணியை எதிர்கொண்டு நிற்கும் ஒரு கமக்காரி எதைக் காண்கின்றாளோ அதையே படம் பார்ப்பவரும் காண்கின்றார்: கேடயங்களும் தலைக்கவசங்களும் தன்னை நோக்கி நகர்ந்து வருகின்றன. அந்நாட்களில் செய்திப் படப்பிடிப்பாளர்கள் பெரும்பாலும் பொலிசாரின் பின்னால் பாதுகாப்பாக நின்று எடுத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கமக்காரர் கலகக்காரராகத்தான் தெரிவார். ஒரே சம்பவம், ஒரே நாள். நின்ற இடம் மாறினால் உண்மையின் முகமும் மாறிவிடுகின்றது. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு பலம் உள்ளவனின் தோளுக்குப் பின்னால் நிற்பவர்களை நாமும் கண்டிருக்கின்றோம்.

1968 முதல் 1973 வரை சன்ரிசுக்கா பற்றி ஆறு படங்கள் வெளிவந்தன. 1977 இல் ஏழாவது வந்தது. இவை வழமையான திரையரங்குகளில் ஓடியவை அல்ல. பல்கலைக்கழகங்கள், தொழிற்சங்க மண்டபங்கள், ஊர் மண்டபங்கள் என்று படச்சுருளைக் காவிச் சென்று குழுவினர் நாடெங்கும் காட்டினார்கள். படம் முடிந்ததும் கலந்துரையாடல் நடக்கும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுச் சன்ரிசுக்காவுக்குத் துணை நிற்கப் போன இளைஞர்கள் பலர்.

சுரங்கமும் அதற்குப் பின்னரும்

1971 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அரசாங்கம் காணிகளைப் பலவந்தமாகக் கையேற்றது. மக்கள் மண்ணாலும் மரத்தாலும் அரண்கள் அமைத்தார்கள். நிலத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி அதற்குள் இருந்தார்கள். பெண்கள் தங்கள் உடலைச் சங்கிலியால் மரங்களுடன் பிணைத்துக்கொண்டார்கள். இதைக் காட்டும் படம் ‘இரண்டாம் அரணின் மக்கள்’. இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் ஓடும் இப்படத்தில் அடிதடிக் காட்சிகள் நிறைய உண்டு. ஆயினும் மறக்க முடியாத பகுதி சுரங்கத்துக்கு உள்ளேதான் இருக்கின்றது. கமக்காரர் ஒருவர் தாங்கள் தோண்டிய சுரங்கத்தின் அமைப்பை, அதற்குள் காற்று எப்படி வருகின்றது என்பதை, ஆறுதலாக விளக்குகின்றார். தன் கிணற்றையோ பட்டியையோ ஒரு விருந்தாளிக்குக் காட்டுகின்ற மனிதரின் பெருமிதம் அவர் குரலில் உண்டு. கமெராவும் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருக்கின்றது. போராளியாக மட்டும் பார்க்கப்பட்ட மனிதருக்குள் இருந்த வேலைக்காரனை ஒகாவா கண்டுகொண்டது இத்தகைய இடங்களில்தான் என்று நினைக்கின்றேன்.

அதே ஆண்டு செப்ரெம்பர் 16 ஆம் திகதி இரண்டாம் கட்டக் கையேற்பின்போது நடந்த மோதலில் மூன்று பொலிசார் உயிரிழந்தார்கள். அவர்களும் தாய்மார் பெற்ற பிள்ளைகள்தான். இதனை மறைத்துச் சன்ரிசுக்காவின் கதையைச் சொல்வது நேர்மையாகாது. அதன் பின்னர் ஊர் இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கைதானார்கள். ஹெத்தா என்ற சிற்றூரில் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரம் சூழ்ந்தது.

வேறொருவராக இருந்தால் அந்நேரத்தில் கைதுகளையும் நீதிமன்றத்தையும் படம்பிடித்திருப்பார். ஒகாவா கமெராவை ஊருக்குள் திருப்பினார். 1973 இல் வெளிவந்த ‘ஹெத்தா கிராமம்’ என்ற படத்தில் மோதல் காட்சிகளைத் தேடுபவர் ஏமாந்துபோவார். முதியவர்கள் ஊரின் பழைய கதைகளைப் பேசுகின்றார்கள். தாய்மார் கூடியிருந்து பிள்ளைகளைப் பற்றிப் பேசுகின்றார்கள். ஒருவர் பேசத் தொடங்கினால் அவர் முடிக்கும் வரை காட்சி வெட்டப்படுவதில்லை. அவர் யோசிக்கும் நேரமும் மௌனமாக இருக்கும் நேரமும் படத்தில் அப்படியே இருக்கின்றன. பொலிஸ் வந்தாலும் போனாலும் இந்த ஊரைப் பிடித்து வைத்திருப்பது எது என்ற கேள்விக்கு அந்தப் படம் விடை தேடுகின்றது. உறவுமுறை, கூட்டுவேலை, இறந்தோரின் நினைவு, ஒருவர் சொல்லை மற்றவர் பொறுத்துக் கேட்கும் வழக்கம் ஆகியவைதான் அதன் விடை. பொலிசாரின் முன்னால் அந்தச் சனம் ஏன் கலையாமல் நின்றது என்பது இதன் பின்னர்தான் விளங்குகின்றது.

மகினோவுக்குப் போன காரணம்

ஹெத்தாவில் ஒகாவாவுக்கு ஒரு விடயம் உறைத்திருக்க வேண்டும். கமக்காரர் காணிக்காக உயிரையும் கொடுப்பார்கள் என்பதை அவர் படம்பிடித்துவிட்டார். அந்தக் காணி அவர்களுக்கு ஏன் அப்படிப்பட்டதாயிற்று என்பதை அறிய, கமத்தையே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வடக்கே யமகாட்டா மாகாணத்தில் கமினோயாமா நகரை அண்டிய மகினோ என்ற கிராமத்தில் கிமுரா மிச்சியோ என்ற கமக்காரர் இருந்தார். அவர் கவிஞரும்கூட. இங்கே வந்து எங்களோடு இருந்து பாருங்கள் என்று அவர் அழைத்தார். 1970களின் நடுப்பகுதியில் குழு அங்கே குடிபெயர்ந்தது. பின்னர் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அதுவே அவர்களின் ஊராயிற்று.

அவர்கள் வயலைக் குத்தகைக்கு எடுத்து நெல் செய்தார்கள். நகரத்தில் வளர்ந்த படித்த பிள்ளைகள் நாற்று மேடை போடவும், தண்ணீர் கட்டவும், களை பிடுங்கவும் கிராமத்தாரிடம் கற்றுக்கொண்டார்கள். அதோடு ஒரு விஞ்ஞானியின் பொறுமையுடன் வயலை ஆராய்ந்தார்கள். மண்ணை வெட்டி அதன் அடுக்குகளைப் பார்த்தார்கள். நீரின் வெப்பநிலையையும் மண்ணின் வெப்பநிலையையும் நாள்தோறும் குறித்தார்கள். ஒரே வயலில் ஒரு மூலையில் மாத்திரம் விளைச்சல் குறைவது ஏன் என்று தேடினார்கள்.

இதைத்தான் பின்வாங்கல் என்று சொன்னார்கள். சன்ரிசுக்காவில் சண்டை முடியவில்லை, நீங்கள் இங்கே நெற்கதிரை எண்ணிக்கொண்டிருக்கின்றீர்களே என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். களத்தில் நிற்பவனுக்குப் பக்கத்தில் நின்றவன் போனால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தப்பெண்ணம் மறைந்திருக்கின்றது. கமக்காரன் சண்டை பிடிக்கும்போது மட்டும் அரசியலுக்கு உரியவன், நாற்று நடும்போது அவன் வெறும் உழைப்பாளி என்ற எண்ணம் அது. காணியைப் பறிப்பவர்களும் அப்படித்தான் எண்ணுகின்றார்கள். அவர்களுடைய கணக்கில் காணி என்பது இத்தனை ஹெக்டேயர், இத்தனை விலை. அங்கே குவிந்திருக்கும் அறிவுக்கு அந்தக் கணக்கில் ஒரு நிரல் இல்லை.

குளிர்காற்றும் நெற்பூவும்

அந்த அறிவு எப்படிப்பட்டது என்பதை இரண்டு படங்கள் காட்டுகின்றன. முதலாவது 1982 இல் வெளிவந்த ‘யப்பான் தேசம்: புருயாஷிக்கி கிராமம்’. மூன்றரை மணித்தியாலம் ஓடுவது. புருயாஷிக்கி மகினோவுக்கு மேலே மலைக்குள் இருக்கும் சிற்றூர். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட, படம் எடுத்த காலத்தில் எட்டு வீடுகளே எஞ்சியிருந்தன. 1980 இல் கோடை குளிர்ந்துவிட்டது. நெல் குடலைப் பருவத்தில் இருக்கும்போது குளிர் தாக்கினால் மகரந்தம் பழுதாகிக் கதிர் பதராகும். கிராமத்தார் தங்கள் வயல்களுக்கு வரும் குளிர்காற்றைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். குழுவினர் அந்த மலையையும் பள்ளத்தாக்கையும் சிறிய உருவில் மாதிரியாகச் செய்தார்கள். உலர்பனிக்கட்டியிலிருந்து எழும் வெண்புகையை அதன்மேல் விட்டு, குளிர்ந்த காற்று எந்தப் பக்கத்தால் இறங்கி எந்த வயலில் தங்குகின்றது என்று காட்டினார்கள். வெப்பமானிகளை வயலில் நட்டு அளந்தும் பார்த்தார்கள். அனுபவத்தால் கிழவர்கள் சொன்னதையும் கருவிகளால் அளந்ததையும் படம் அருகருகே வைக்கின்றது. அனுபவம் அங்கே குறைந்துபோகவில்லை.

அதே படத்தின் மறுபாதியில் அந்தக் கிழவர்களும் கிழவிகளும் தங்கள் வாழ்க்கையைச் சொல்கின்றார்கள். கரி சுட்டவர், பட்டுப்புழு வளர்த்தவர், யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர், போன கணவன் திரும்பி வராத பெண். வயலைப் பற்றிப் பேசத் தொடங்கி நாட்டின் வரலாற்றுக்கே போய்விடுகின்றார்கள். இந்தப் படத்துக்கு 1984 இல் பெர்லின் திரைப்பட விழாவில் சர்வதேச விமர்சகர் சங்கத்தின் பரிசு கிடைத்தது. எட்டு வீட்டு ஊரின் பேச்சை உலகம் உட்கார்ந்து கேட்டது.

இரண்டாவது படம் ‘ஆயிரம் ஆண்டுகள் கீறிய சூரியக் கடிகாரம்: மகினோ கிராமத்தின் கதை’. 1986 இல் முடிக்கப்பட்டது. ஓடும் நேரம் மூன்று மணித்தியாலம் நாற்பத்திரண்டு நிமிடம். நெற்பூவை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அது மலர்ந்து மூடுவது ஓரிரு மணித்தியாலத்துக்குள் என்பதும் தெரியும். உமி விரிந்து, மகரந்தப் பைகள் வெளியே நீண்டு, தூள் உதிர்ந்து, சூல் பிடித்து, மீண்டும் உமி மூடும் முழு நிகழ்வையும் இந்தப் படம் திரை நிறையப் பெருப்பித்துக் காட்டுகின்றது. பேரரசர்களின் முடிசூட்டு விழாவுக்குக் கொடுக்கும் மரியாதையை ஒகாவா ஒரு நெற்பூவுக்குக் கொடுத்தார்.

வயலுக்கு அடியில் அகழ்ந்தபோது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்ட மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அவையும் படத்தில் வருகின்றன. 18 ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதிக் கமக்காரர் வரிக்கொடுமைக்கு எதிராக எழுந்த கதையும் நாடகமாக வருகின்றது. அதில் தொழில்முறை நடிகர்களுடன் கிராமத்தவரும் நடித்தார்கள். போராட்டத்தை விட்டு ஓடியவரின் படத்துக்குள் போராட்டம் எப்படி வந்தது? மண்ணுக்குள்ளேயே அது இருந்தது. விதைப்பும் அறுப்பும் போல, அநீதி வரும்போது எழுவதும் கமக்காரரின் வாழ்வில் ஒரு பகுதி என்பதைக் காட்டவே அவர் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தார். 1987 இல் இந்தப் படத்தைக் காட்டுவதற்காகக் கியோட்டோ நகரில் மண்ணாலும் மரத்தாலும் கூரைப்புல்லாலும் ஒரு தற்காலிக அரங்கம் கட்டினார்கள்.

குழுவுக்குள் இருந்த அநீதி

இந்த மனிதரைப் புனிதராக்கிக் காட்டுவது என் நோக்கமல்ல. அவருடைய குழுவில் உழைத்தவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் இருக்கவில்லை. பொதுநோக்கம் என்ற பெயரில் இளமைக் காலத்தை முழுவதும் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் போனவர்கள் உண்டு. ஒகாவா இறந்தபோது பெருங்கடன் மிஞ்சியது. குழுவில் இருந்த பெண்கள் பெரும்பாலும் சமைப்பதிலும் துவைப்பதிலும் வீட்டை நடத்துவதிலும் அமிழ்ந்துபோனார்கள். படத்தை எப்படி எடுப்பது என்று ஆண்கள் இரவிரவாக விவாதித்தபோது, அவர்களுக்குச் சோறு போட்ட கைகளுக்கு அந்த விவாதத்தில் இடம் குறைவாகவே இருந்தது. பின்னாட்களில் முன்னாள் உறுப்பினர்கள் இதை வெளிப்படையாகவே பேசினார்கள்.

கமக்காரப் பெண்ணின் துணிவை உலகத்துக்குக் காட்டியவர்களின் குசினியிலேயே இது நடந்தது. மக்கள் சேவை செய்கின்றோம் என்று சொல்லும் நிறுவனங்களுக்கும் குழுக்களுக்கும் இதில் பாடம் இருக்கின்றது. நீதியைப் பற்றிப் பேசுபவர் தன் குசினியிலும் தன் கணக்குப் புத்தகத்திலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். நோக்கம் நல்லது என்பதற்காக ஒருவரின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடலாகாது.

எஞ்சியது என்ன

விமான நிலையம் 1978 மே 20 ஆம் திகதி ஒரேயொரு ஓடுபாதையுடன் திறக்கப்பட்டது. 1983 இல் எதிர்ப்புச் சங்கமே இரண்டாகப் பிளந்தது. ஆயினும் விற்க மறுத்த குடும்பங்கள் ஓடுபாதைத் திட்டத்துக்கு நடுவே பயிர் செய்துகொண்டிருந்தன. 1990களில் அரசாங்கம் அவர்களுடன் ஒரே மேசையில் அமர்ந்து பேச நேர்ந்தது. பலவந்தமாக நடந்துகொண்டமைக்கு மன்னிப்பும் கேட்டது. இரண்டாவது ஓடுபாதை 2002 இல்தான் திறக்கப்பட்டது. திட்டமிட்ட நீளம் அப்போதும் அதற்குக் கிடைக்கவில்லை. மக்கள் வென்றார்களா, தோற்றார்களா என்று ஒரு சொல்லில் கூற முடியாது. கேட்காமல் எடுக்கலாம் என்று எண்ணியவர்கள், கேட்டிருக்கலாமே என்று வருந்தும்படி ஆயிற்று.

ஒகாவா தன் இறுதிக் காலத்தில் ஆசிய நாடுகளின் இளம் படப்பிடிப்பாளரை ஒன்றுசேர்ப்பதில் ஈடுபட்டார். 1989 இல் யமகாட்டா நகரில் தொடங்கிய சர்வதேச விவரணப்பட விழாவுக்கு அவர் ஒரு தூண்டுகோல். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்றுவரும் அந்த விழாவில் ஆசிய இளம் நெறியாளருக்கு அவர் பெயரில் பரிசு வழங்கப்படுகின்றது. 1992 பெப்ரவரியில் அவர் இறந்தார். கமினோயாமாவின் பனிச்சைப் பழங்களைத் தோலுரித்து, கயிற்றில் கட்டி உலர்த்தும் குடும்பங்களைப் பற்றி அவர் எடுத்துவைத்திருந்த படம் முடியாமலே கிடந்தது. சீனாவைச் சேர்ந்த பெங் ஷியாவோலியன் என்ற பெண் நெறியாளர் அதனை 2001 இல் முடித்து வெளியிட்டார். அயல்நாட்டார் ஒருவர் முடித்துக்கொடுத்த அந்த வேலை, விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர் என்ற நம் பழைய அனுபவத்தை ஒத்திருக்கின்றது.

நமக்குரியவை

ஒகாவாவின் வாழ்விலிருந்து இரண்டு விடயங்களை முன்வைக்க விரும்புகின்றேன்.

முதலாவது, நம்மைப் படம்பிடிக்க, பேட்டி காண, அறிக்கை எழுத வருபவர்களை எதைக்கொண்டு அளப்பது என்பது. எவ்வளவு நேரம் இருந்தார், எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தார், நாம் பேசி முடிக்கும் வரை கேட்டாரா, எடுத்ததை நமக்குக் கொண்டுவந்து காட்டினாரா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. எல்லோராலும் பத்து ஆண்டுகள் தங்க முடியாது. ஆனால் எந்த அந்நியராலும் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க முடியும்: உங்கள் வயலில் என்ன விதைத்தீர்கள், எந்த மாதத்தில், ஏன் அந்த இனம்? இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நீங்கள் என்னென்ன இழந்தீர்கள் என்பது தானாகவே விளங்கும்.

இரண்டாவது, நாமே செய்ய வேண்டியது. காணி பறிபோனால் அதற்கு உறுதி உண்டு, வரைபடம் உண்டு, என்றாவது ஒருநாள் வழக்காடலாம். காணியைப் பற்றிய அறிவுக்கு உறுதி எழுதுபவர் எவரும் இல்லை. எந்த வரம்பில் தண்ணீர் கசியும், எந்தத் துண்டு முதலில் காயும், எந்தக் காற்று வந்தால் பூச்சி வரும், எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவராகும் என்பன வயலில் நடந்து நடந்து கால் அறிந்தவை. வயலை விட்டு ஒரு தலைமுறை விலகி வாழ்ந்தால், கால் மறந்துவிடும். திரும்பிப் போக வழி திறக்கும் நாளில் காணி இருக்கும், அதைத் தெரிந்தவர் இருக்கமாட்டார். புருயாஷிக்கியின் எட்டு வீட்டாருக்கு ஒரு ஒகாவா வந்தார். எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் வரப்போவதில்லை.

ஆகவே பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அதற்குக் கமெரா அவசியமில்லை. பாடசாலைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். அம்மப்பாவின் வயலைப் பிள்ளை கீறட்டும். வாய்க்கால் எங்கே, மடை எங்கே, பெரிய மருதமரம் எங்கே என்று அவர் சொல்லச் சொல்லக் குறிக்கட்டும். அம்மம்மா எந்த நெல்லை எதற்கு வைத்திருந்தார், விதையை எதில் போட்டு எப்படிப் பாதுகாத்தார் என்று கேட்டு எழுதட்டும். அவர் ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குத் தாவினால் தடுக்க வேண்டாம். ஹெத்தாவின் கிழவர்கள் பேசியதும் அப்படித்தான். வீட்டில் ஒரு சிறு கைநிலம் இருந்தால் அதில் ஒரு பிடி நெல்லைத் தூவி, அது பூக்கும் நாளில் காலையில் பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பத்து மணிக்கு முன்னரே போய் நில்லுங்கள், உச்சி திரும்பினால் உமி மூடிவிடும்.